பதினோராம் இடத்துக்காரன்

கிருசாந்தி பீலெஃபெல்ட் நகரில் ஓர் எலும்பு மூட்டு மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். காலை எட்டு மணி முதல் ஐந்து மணி வரை ஊராருடைய முழங்கால்களையும் தோள்மூட்டுகளையும் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு செய்ததை அவள் வேலை என்று சொல்வதில்லை. ஆனால் வேலையைவிடக் கவனமாகச் செய்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கால்பந்து ஆடும் பையன்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று ஜெர்மன் மொழியில் எழுதினாள்.

அமெரிக்கர்களின் கால்பந்து பெயரில்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் ஆட்டம். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவாட்டர்பேக்கின் கைக்கு. அவனை விழுத்தவென்று நான்கைந்து மலைகள் ஓடிவரும். அவை வந்து சேர்வதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிந்துவிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் அங்குள்ள தொழில்முறை அணிகள் முறைவைத்துப் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுக்கும். அந்தத் தெரிவுக்கு ட்ராஃப்ட் என்று பெயர். மொத்தம் ஏழு சுற்று. முதல் சுற்றில் பெயர் வந்தவன் தொலைக்காட்சியில் அழுவான். ஏழிலும் வராதவன் வீட்டில் அழுவான்.

கிருசாந்தி ஒன்பது வருடமாக, ஒவ்வொரு பெப்ரவரியிலும், பன்னிரண்டு குவாட்டர்பேக்குகளை ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசைப்படுத்தி ஓர் இணையதளத்தில் அறிக்கை போட்டாள். நானூறு பேர்வரை வாசித்தார்கள். அவர்களுக்கு அவளைப் பிடித்ததற்குக் காரணம், அவள் எலும்பைப் பார்த்து எழுதியது. ஒருவன் எறியும்போது இடுப்பு எங்கே திரும்புகிறது, தோள் எப்போது தளர்கிறது என்று அவள் எழுதினால் அது பெரும்பாலும் சரியாக இருந்தது. அதோடு அவளுக்கு நாக்கும் கொஞ்சம் நீளம்.

அந்த வருட அறிக்கையில் பதினோராம் இடத்தில் இருந்தவன் டேரியஸ் ஓக்லி. யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு மலைப்பகுதிப் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக். அவன் ஆடிய பதினொரு ஆட்டங்களையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு அவள் இப்படி எழுதினாள்: “நடுவிலும் வலப்பக்கத்திலும் அழகாக எறிகிறான். இடப்பக்கக் கோட்டோரமாக எறியும் பந்து போய்ச் சேர்வதற்குள் அதே விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டுவிடலாம்.”

மார்ச் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

“உங்கள் அறிக்கையை இயந்திரத்தை வைத்து மொழிபெயர்த்து வாசித்தேன். என் மகனின் பந்து கடிதத்தைவிட மெதுவாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இருபத்தொரு வருடமாக அமெரிக்க இராணுவத்தில் தாதி. இப்போது கைசர்ஸ்லௌட்டர்ன் பக்கத்தில் இருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒருவரை நேரில் பார்க்காமல் நான் ஒருநாளும் அறிக்கை எழுதியதில்லை. மகன் விடுமுறைக்கு என்னிடம் வந்திருக்கிறான். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன். பந்து எங்களிடம் இருக்கிறது. லொரெய்ன் ஓக்லி.”

கிருசாந்தி அதைக் கணவன் துவாரகனுக்கு வாசித்துக் காட்டினாள். துவாரகன் பீலெஃபெல்டில் ட்ராம் ஓட்டுகிறவன். நாற்பத்தொரு வயது. அங்குள்ள தமிழர் கிரிக்கெட் கழகத்தில் பதினெட்டு வருடமாக விக்கெட் காப்பாளர் இடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தான்.

“இது கேஸ் போடப்போற ஆளின்ர எழுத்து,” என்றான். “கடைசி வசனம் என்ன? பந்து எங்களிட்ட இருக்கு எண்டால்?”

“வந்து எறிஞ்சு காட்டப்போறாங்களாம்.”

“ஆருக்கு?”

கிருசாந்தி அவனுடைய கைகளைப் பார்த்தாள்.

“எனக்கு ஏலாது,” என்றான் துவாரகன். “அது முட்டைப் பந்தப்பா. எந்தப் பக்கம் துள்ளும் எண்டு அதுக்கே தெரியாது.”

“துள்ள விட்டால்தானே? நீங்கள் விக்கெட் காப்பாளர். உங்களைத் தாண்டி என்ன போயிருக்கு?”

துவாரகன் எழுந்து போய் அலுமாரியிலிருந்த கையுறைகளை எடுத்து மணந்து பார்த்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தாயும் மகனும் கிரிக்கெட் கழகம் பயிற்சி செய்யும் உதைபந்து மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரவு முழுக்கப் பெய்த மழையில் புல் சேறாகிக் கிடந்தது. லொரெய்ன் ஓக்லி முதலில் இறங்கினாள். சின்ன உருவம். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறுகையில் கோப்பிப் போத்தல்.

“நான்கு மணி நேரம் காரோட்டி வந்தோம்,” என்றாள் ஆங்கிலத்தில். “என்னோடு வேலை செய்கிற ஜெர்மன்காரர்கள் பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே இல்லை என்று சொன்னார்கள்.”

அது அந்த நாட்டின் பழைய பகிடி. அங்கேயே பிறந்து வளர்ந்த கிருசாந்தி அதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். ஆனாலும் மரியாதைக்காகச் சிரித்தாள்.

டேரியஸ் ஓக்லி காருக்குள்ளிருந்து பகுதி பகுதியாக வெளியே வந்தான். நிமிர்ந்து முடித்தபோது துவாரகனின் தலை அவன் நெஞ்சுக்கு நேரே இருந்தது. அவன் கிருசாந்தியிடம் வந்து ஜெர்மன் மொழியில் கேட்டான்: “கடிதம் என்று எழுதினது நீயா?”

தாயின் முதல் தடவை ஜெர்மனி வாசத்தில், நான்கு வயதிலிருந்து பத்து வயதுவரை, அவன் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். அவனுடைய ஜெர்மன் பத்து வயதில் அப்படியே நின்றுபோயிருந்தது. ‘நீங்கள்’ என்ற சொல் அதில் இல்லை. உலகத்தில் எல்லாரும் ‘நீ’தான்.

“நான்தான்,” என்றாள் கிருசாந்தி.

“அது நல்ல பேச்சு இல்லை,” என்றான் அவன், உண்மையான மனவருத்தத்தோடு.

துவாரகன் பதினைந்து மீற்றர் தள்ளிப் போய், கையுறை மாட்டி, விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பதுபோலக் குந்தினான். முதல் பந்து வந்தது. அவன் கை உயர்வதற்குள் அது நெஞ்சில் பட்டு, அவனைச் சேற்றில் இருத்திவிட்டது.

“என்னப்பா? நொந்ததா?” என்று கிருசாந்தி ஓடினாள்.

“இல்லை. மூச்சுத்தான் எங்கேயோ போயிட்டுது. வரும்.”

இரண்டாவது பந்து கையுறையில் பட்டுத் தெறித்தது. மூன்றாவதை வயிற்றோடு அணைத்தான். ஆறாவதிலிருந்து, வேகப்பந்து வீச்சாளனின் பந்தை வாங்குவதுபோல, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கத் தொடங்கினான். அதற்குப் பிறகு ஒன்றும் தப்பவில்லை. ஓக்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“இவன் நல்லாப் பிடிக்கிறான்! இவன் யார்?”

“என்னுடைய கணவர்.”

“எத்தனை வயசு?”

“நாற்பத்தொன்று.”

“பாவம்,” என்றான் ஓக்லி. அதன் பிறகு கொஞ்சம் மெதுவாக எறிந்தான். அது துவாரகனுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. “முழு வேகத்தில எறியச் சொல்லும்!” என்று கத்தினான்.

முழு வேகத்தில் எறிந்தபோது கிருசாந்திக்கு உள்ளுக்குள் பயம் வந்தது. ஒன்பது வருடமாக அவள் குவாட்டர்பேக்குகளைச் சின்னக் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்றபோதுதான் அந்தப் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நடுவில் எறிந்தான், வலப்பக்கம் எறிந்தான். ஒவ்வொன்றும் துவாரகனின் கையுறை இருந்த இடத்தைத் தேடிப் போய் விழுந்தது. தான் எழுதியதெல்லாம் பிழையோ என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. லொரெய்ன் நாற்காலியில் சாய்ந்து கோப்பி குடித்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்தாள்.

“இனி இடப்பக்கம்,” என்றாள் கிருசாந்தி.

துவாரகன் இடப்பக்கக் கோட்டோரம் போய் நின்றான். பந்து உயரமாகக் கிளம்பி, மிதந்து, யோசித்து யோசித்து வந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

“இதுக்கு நான் பேப்பர் வாசிச்சுக்கொண்டே பிடிப்பன்,” என்றான் துவாரகன் தமிழில்.

“அவன் என்ன சொன்னான்?” என்று ஓக்லி கேட்டான்.

“குளிராக இருக்கிறதாம்,” என்றாள் கிருசாந்தி.

லொரெய்னுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் தொனி விளங்கியது. அவள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

கிருசாந்தி அதற்குப் பிறகு பந்தைப் பார்க்கவில்லை. சேற்றைப் பார்த்தாள். ஓக்லி வலக்கையால் எறிகிறவன். எறியும்போது இடக்காலை முன்னால் வைத்துப் பாரத்தை அதன்மேல் போடவேண்டும். வலப்பக்கம் எறிந்த இடத்தில் இடக்காலின் அடையாளம் முழுதாகப் பதிந்திருந்தது. இடப்பக்கம் எறிந்த இடத்தில் பாதத்தின் வெளி விளிம்பு மட்டும் ஆழமாக இருந்தது. பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில் புல் மடங்கக்கூட இல்லை. அவள் குந்தி இருந்து நான்கு அடையாளங்களையும் பார்த்தாள். பிறகு, மருத்துவரின் கிளினிக்கில் நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்: “இடது சப்பாத்தைக் கழற்றுங்கள்.”

ஓக்லி தாயைப் பார்த்தான்.

“எதற்கு என்னைப் பார்க்கிறாய்?” என்றாள் லொரெய்ன். “கழற்று, டேரியஸ்.”

பெருவிரல் மூட்டு சின்ன வெங்காயம் அளவுக்குப் புடைத்திருந்தது. கிருசாந்தி விரலை மெல்ல மேலே வளைத்துப் பார்த்தாள். அது வளையவில்லை, ஓக்லி பல்லைக் கடித்து மூச்சை இழுத்தான். இரண்டு வருடத்துக்கு முன் பயிற்சியில் நூற்று நாற்பது கிலோ ஆள் ஒருவன் அதன்மேல் ஏறி நின்றானாம். சொன்னால் அடுத்த குவாட்டர்பேக் தன் இடத்துக்கு வந்துவிடுவான் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அது உடைந்து, தானாகவே பொருந்தி, இறுகிவிட்டது. இடப்பக்கம் எறிவதற்குக் காலைத் திருப்பி அந்த விரலில் பாரம் போடும்போது உயிர் போகும். அதனால் போடாமல், வெறும் கையால் எறிந்து வந்திருக்கிறான்.

“எனக்குக்கூடச் சொல்லவில்லை,” என்றாள் லொரெய்ன்.

“சொன்னால் நீ டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாய்.”

“பிறகு அம்மா எதற்கு?”

அவள் எழுந்து கோல் கம்பம்வரை நடந்து போய், அதை ஒரு தடவை கையால் அடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. இருபத்தொரு வருடத் தாதிக்குச் சொந்த மகனின் கால் தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்குக் கோபமா வெட்கமா என்று கிருசாந்தியால் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் துவாரகன் தன்னுடைய இடது சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

“நீங்கள் என்ன செய்யிறியள்?”

“எனக்கும் இதே விரல்தானே. பதினெட்டு வருஷம் குந்தி இருந்தால் வேற என்ன வரும்? இந்தாரும், இவனுக்கு இதைக் காட்டும்.”

அவன் வெளியே எடுத்தது சப்பாத்துக்குள் வைக்கும் ஓர் உள்தட்டு. ஜெர்மனியில் முதுகு நொந்தாலும் முழங்கால் நொந்தாலும் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுப்பது உள்தட்டுத்தான். கிருசாந்தியின் மருத்துவர் தலையிடிக்கும் எழுதுவார் என்று அவளோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். ஆனால் துவாரகனுடையது வேறு வகை. பெருவிரலுக்குக் கீழே வளையாத கார்பன் தகடு வைத்தது. விரல் மடங்க வேண்டிய வேலையைத் தகடு எடுத்துக்கொள்ளும், நோகாது. ஓக்லி அதைத் தன் சப்பாத்துக்குள் போட்டுப் பார்த்தான். துவாரகனின் சப்பாத்து அளவு நாற்பத்திரண்டு. ஓக்லியினுடையது நாற்பத்தெட்டு. தட்டு உள்ளே போய்க் கலகலத்தது.

“தீமன் ஒரு மணிக்குப் பூட்டிவிடுவான்,” என்றாள் கிருசாந்தி. எல்லோரும் காருக்கு ஓடினார்கள்.

தீமன் என்பவர் மருத்துவச் சப்பாத்துகள் செய்யும் கடைக்காரர். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது. அவர் கதவுப் பக்கம் சாவியோடு வந்துகொண்டிருந்தார்.

“டெர்மின் இருக்கிறதா? முன்கூட்டியே நேரம் எடுத்தீர்களா?”

“இல்லை, ஆனால்…” என்று கிருசாந்தி தொடங்கினாள்.

“மருத்துவர் எழுதித் தந்த துண்டு?”

“அதுவும் இல்லை. திங்கட்கிழமை கட்டாயம்…”

“அப்படியானால் திங்கட்கிழமை வாருங்கள்.”

ஓக்லி குனிந்து கதவுக்குள் தலையை நீட்டினான். “எனக்கு விரல் நோகுது,” என்றான். “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. நீ ஏன் இப்பவே பூட்டுறாய்?”

முப்பது வருட வியாபாரத்தில் தீமனை எந்த வாடிக்கையாளரும் ‘நீ’ என்று கூப்பிட்டிருக்கமாட்டார். அவர் திறந்த வாய் மூடாமல் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். “இது சப்பாத்தா, தோணியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டார். சரியாக ஒரு மணிக்குக் கதவை உள்பக்கமாகப் பூட்டினார். ஒரு மணி ஐம்பதுவரை அளந்து, வெட்டி, தேய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி மைதானத்துக்கு வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. துவாரகன் இடப்பக்கக் கோட்டோரம் போய், முன்பு போலவே சாவகாசமாக நின்றான். ஓக்லி காலைத் திருப்பி வைத்தான். ஒரு கணம் தயங்கினான். பிறகு எறிந்தான்.

துவாரகன் வலது கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான். பந்து இடது கையுறையைக் கழற்றிக்கொண்டு வேலிக்குப் போனது.

“ஐயோ என்ர அம்மா!”

அதற்குப் பிறகு அவன் குந்தி இருந்தான். நான்காவதைப் பிடித்தான். லொரெய்ன் நாற்காலியை விட்டு எழுந்து மழைக்குள் நின்றாள். இருபது பந்து எறிந்த பிறகு ஓக்லி சிரித்துக்கொண்டே கிருசாந்தியிடம் வந்தான்.

“இப்போது பதினொன்றை மாற்றுவாய்தானே?”

“இல்லை.”

“ஏன்?”

“அந்த இலக்கம் நீங்கள் ஆடின பதினொரு ஆட்டங்களுக்கு. அந்த ஆட்டங்களில் இந்த உள்தட்டு இல்லை. ஆள் இல்லாத மைதானத்தில் என் கணவருக்கு எறிந்ததை வைத்து மாற்ற முடியாது. விரலைப் பற்றி நான் ஒரு சொல் எழுதமாட்டேன். அது உங்கள் கால். ஆனால் அணிகளின் டாக்டர் கேட்டால் நீங்கள் பொய் சொல்லக்கூடாது.”

ஓக்லி யோசித்தான். “சரி. கடிதம்?”

“அது கொஞ்சம் கூடிவிட்டது. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.”

அவள் அன்று மாலையே அந்த வசனத்தை எடுத்தாள். அதற்கு முதல், தாயும் மகனும் அவர்களுடைய வீட்டுக்கு வந்து, அடுத்த நாளுக்கு என்று வைத்திருந்த இடியப்பம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மார்ச் கடைசியில் ஓக்லியின் பல்கலைக்கழகத்தில் பரீட்சை நாள் நடந்தது. தொழில்முறை அணிகளின் ஆட்கள் வந்து நின்று பார்க்க, மாணவர்கள் எறிந்தும் ஓடியும் காட்டும் நாள். அதன் காணொளி இணையத்தில் வந்தது. இடப்பக்கம் அவன் எறிந்த பந்துகளைப் பார்த்து ஆளாளுக்கு வியந்து எழுதினார்கள். கிருசாந்தியின் வாசகர்களும் கேட்கத் தொடங்கினார்கள்: இன்னும் பதினொன்றுதானா?

“மாத்தும்,” என்றான் துவாரகன். “உமக்குத்தான் மற்ற எல்லாரையும்விட நல்லாத் தெரியுமே.”

“ஏலாதப்பா. போன வருஷம்தான் நான் எழுதினனான், அரைக்காற்சட்டையோட எறிஞ்சு காட்டுற நாளைப் பார்த்து இலக்கத்தை மாத்துறவங்கள் கணிப்பாளர்களே இல்லை எண்டு. இரண்டு பக்கத்துக்கு எழுதினனான்.”

“ஏன் இரண்டு பக்கத்துக்கு எழுதினீர்?”

ஏன் திடீரென்று இடப்பக்கம் எறிகிறான் என்று அவளுக்குத் தெரியும். சொல்ல முடியாது. சொல்லாமல் மாற்றவும் முடியாது. ஓக்லி பதினொன்றிலேயே இருந்தான்.

ட்ராஃப்டின் மூன்றாம் நாள் ஒரு சனிக்கிழமை. நான்காம் சுற்றிலிருந்து மிச்சத் தெரிவு ஜெர்மனியில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது. இரண்டு பேரும் மடிக்கணினியின் முன்னால் இருந்தார்கள். ஐந்தாம் சுற்றின் நடுவில் கிருசாந்தியின் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் லொரெய்ன் வீரிட்டுக் கத்தினாள்.

“லொரெய்ன்! என்ன நடந்தது? யாருக்கு என்ன?”

கத்தல் நிற்கவில்லை. துவாரகன் அவசர சிகிச்சை இலக்கத்தைத் தேடத் தொடங்கினான். இணைய ஒளிபரப்பு அரை நிமிடம் பிந்தி ஓடுகிறது என்பது இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் மடிக்கணினித் திரையில் ஒருவர் மேடைக்கு வந்து, துண்டைப் பார்த்து, டேரியஸ் ஓக்லி என்று வாசித்தார். துவாரகன் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துள்ளினான்.

தொலைக்காட்சி நிபுணர் அமைதியாக விளக்கினார்: “இந்த ஆண்டின் குவாட்டர்பேக்குகளில் இடப்பக்கக் கோட்டோரமாக இவன் அளவுக்குக் கூர்மையாக எறிகிறவன் இன்னொருவன் இல்லை.”

கிருசாந்தியின் அறிக்கையில் ஐந்தாம் ஏழாம் இடங்களில் இருந்தவர்களின் பெயர் அதுவரை வரவேயில்லை. அவளுடைய பக்கத்தில் ஒன்பதுக்கு மேல் ஒருநாளும் கருத்து வந்ததில்லை. அன்று நாற்பத்தொன்று வந்தன. “எலும்பு டாக்டரிடம் வேலை செய்கிறவர் கண் டாக்டரிடம் ஒரு டெர்மின் எடுப்பது நல்லது” என்பதற்கு எல்லாரையும்விட விருப்பக்குறி அதிகம்.

“விடும், நான் எழுதுறன் இவங்களுக்கு,” என்று துவாரகன் மடிக்கணினியை இழுத்தான். “ஆர் அந்தப் பெடியன்ர விரலைக் கண்டுபிடிச்சது? ஆர் தீமனிட்ட கூட்டிக்கொண்டு போனது? நெஞ்சில அடி வாங்கினது ஆர்?”

“எழுத வேண்டாம். நான் சொல்லமாட்டன் எண்டு சொன்னனான்.”

“அப்ப உம்மை இப்பிடிப் பகிடி பண்ணட்டுமே?”

“பண்ணட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒன்பது வருடத்தில் இவ்வளவு பெரிய பிழை விட்டதில்லை. அந்தப் பிழையைத் தன் கையாலேயே உண்டாக்கியிருந்தாள். ஆனால் லொரெய்ன் கத்திய கத்து இன்னும் காதுக்குள் இருந்தது. அதை நினைத்தால் சிரிப்பு வந்தது. அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி இரண்டு வசனம் எழுதினாள்: “ஓக்லி விஷயத்தில் என் கணிப்புப் பிழைத்துவிட்டது. அவன் தேறியதில் எனக்கு மிகவும் சந்தோஷம்.”

ஒன்பது மணியளவில் ஓக்லியே அழைத்தான். பின்னால் ஒரே ஆரவாரம். எல்லா அணிகளின் டாக்டர்களுக்கும் தான் விரலைக் காட்டியதாகச் சொன்னான். நான்கு அணிகள் அதோடு அவன் பெயரை வெட்டிவிட்டன. அவனைத் தெரிந்தெடுத்த அணியின் டாக்டர் மட்டும் உள்தட்டைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, இதை யார் வெட்டியது என்று கேட்டாராம்.

“தீமன் என்று சொன்னேன். அவர் பெயரை எழுதி எடுத்தார். நீ தீமனுக்குச் சொல்லு.”

“சொல்கிறேன்.”

“உன் புருஷன் எப்படி? நெஞ்சு சுகமா?”

“சுகம்.”

அவன் வைத்த கையோடு லொரெய்ன் மறுபடியும் அழைத்தாள். இம்முறை கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினாள். அவளோடு மருத்துவமனையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகனும் இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறான். பேஸ்பால் வீசுகிறவன். கொஞ்ச நாளாகப் பந்து சரியாகப் போவதில்லை. எங்கே பிழை என்று எவருக்கும் தெரியவில்லை.

“எனக்குப் பேஸ்பாலில் ஒன்றுமே தெரியாது,” என்றாள் கிருசாந்தி.

“அவனுக்கும் கால் இருக்கிறது,” என்றாள் லொரெய்ன்.

கிருசாந்தி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு துவாரகனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவன் இன்னும் அந்த நாற்பத்தொரு கருத்துகளையும் ஒவ்வொன்றாக வாசித்துப் பொருமிக்கொண்டிருந்தான்.

“பேஸ்பாலா?” என்று நிமிர்ந்தான். “உருண்டைப் பந்தோ?”

“ஓம்.”

“அப்ப வரச் சொல்லும். ஆனால் அடுத்த சனி எனக்குக் காலமை வேலை. பதினொரு மணிக்குப் பிறகு வரச் சொல்லும்.”